தெளிவாய் நின்ற எண்ணெய்

இஞ்சாருங்கோ,

நேற்று வசந்தியின் காருக்கு முற்றத்தில் எண்ணெய் மாற்றினார்கள். கீழே வைத்த தாச்சியில் பழைய எண்ணெய் கறுப்பாய் இறங்கியது. அந்த மணம் குசினி வரைக்கும் வந்தது. நான் வாசற்படியிலேயே இருந்துவிட்டேன். குளிசை போடவில்லையா என்று உங்கள் மகள் அதட்டினாள். நான் புது எண்ணெய்க் கானைக் கேட்டு வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அதன் முதுகில் இருந்த பொடி எழுத்தை எல்லாம் வாசித்தேன். எந்தெந்தக் கார்க் கம்பனி அந்த எண்ணெயை ஏற்றுக்கொண்டது என்று வரிசையாய் அடித்திருந்தது. அவளுடைய காரின் பெயரும் இருந்தது. இரண்டு தரம் பார்த்த பிறகுதான் ஊற்ற விட்டேன். அம்மாவுக்கு விசர் என்று சிரித்தாள்.

ஓமந்தைக்கு உள்ளே காடு வெட்டிக் குடியேறிய காலத்தில், எங்கள் உழவு மிசினோடு வந்த இங்கிலீசுப் புத்தகத்தை நீங்கள் அலுமாரியில் பட்டுச்சேலைக்கு மேலே வைத்திருந்தீர்கள். உங்களுக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது. மிசன் பள்ளிக்கூடத்தில் படித்த எனக்குத் தெரியும். எண்ணெய் பற்றிய பக்கத்தை எத்தனை தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டீர்கள்! மிசின் செய்த கம்பனிக்காரர் ஒவ்வொரு எண்ணெயையும் தங்கள் எஞ்சினில் விட்டு, இரவு பகலாய் ஓடவிட்டு, பிறகு கழற்றிப் பார்ப்பார்களாம். பிஸ்டன் வளையங்கள் ஒட்டாமல் துப்புரவாய் இருந்தால்தான் அந்த எண்ணெயின் பெயர் புத்தகத்தில் ஏறுமாம். அப்படிப் பதினொரு பெயர்கள் இருந்தன.

புத்தகத்தில் பெயருள்ள எண்ணெய் எஞ்சினில் விட்ட இரண்டே நாளில் கறுத்துவிடும். எங்கள் சனம் நல்லெண்ணெய் வாங்குவதுபோல வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற சனம். கறுத்தால் கூடாத எண்ணெய், தெளிந்தால் நல்லது. நீங்கள் விடமாட்டீர்கள். எஞ்சினுக்குள் இருக்கிற ஊத்தையைக் கழுவி எடுக்கிறதாலேதான் கறுக்கிறது, என்ரை மனிசி புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவள் என்று வாய்க்கால் கட்டில் நின்று பெருமை அடிப்பீர்கள். எனக்கும் அது பிடிக்கும். பொய் சொல்லுவானேன்?

ஒரு காலபோக விதைப்பு நேரம், எண்ணெய்க் கப்பல் வரவில்லை என்று கடைகளில் கைவிரித்துவிட்டார்கள். வவுனியாவில் அலைந்து வேறொரு தகரம் வாங்கி வந்தீர்கள். நான் நெல் அவித்துக்கொண்டிருந்தேன். இடுப்பில் வசந்தி, கண்ணெல்லாம் புகை. குசினி வாசலில் நின்று, "இந்தப் பேர் புத்தகத்திலை கிடக்கோ எண்டு ஒருக்காப் பார்" என்றீர்கள். தகரத்தில் பெரிதாய் முப்பது என்று இருந்தது. புத்தகத்திலும் முப்பது என்று வாசித்த ஞாபகம். கை கழுவி, அலுமாரி திறந்து, யார் மினக்கெடுவது? "ஓம், கிடக்கு" என்றேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, தண்ணீர் அள்ள உதவும் என்று அந்த வெறுந் தகரத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். எண்ணெயும் தூசியும் கழன்றதும் அடியில் சின்ன எழுத்து. பெற்றோல் கார்களுக்கு மட்டும். டீசல் எஞ்சினுக்கு விடக்கூடாது. ஓடிப்போய்ப் புத்தகத்தை எடுத்தேன். பதினொரு பெயரில் அந்தப் பெயர் இல்லை. முப்பது என்பது எண்ணெயின் தடிப்பு மட்டும்தான் என்று அங்கேயே எழுதியிருந்தது. தகரத்தை மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் புதைத்தேன்.

உங்களுக்குச் சொல்ல வாய் வரவில்லை. அடிக்கிற ஆள் இல்லை நீங்கள், ஏசவும் மாட்டீர்கள். இனி என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்கமாட்டீர்கள் என்றுதான் பயந்தேன். ஒவ்வொரு காலையும் எஞ்சினில் எண்ணெய் அளவு பார்க்கிற கம்பியை இழுத்துத் துடைத்து, "பார், கறுக்கவே இல்லை" என்று அயலுக்குக் காட்டுவீர்கள். அயலும் இதல்லோ எண்ணெய் என்றது. ஊத்தை எல்லாம் உள்ளே நிற்கிறது என்று எனக்கு மட்டும் தெரியும். மிசின் சத்தம் கொஞ்சம் மாறினாலும் அடுப்படியில் நின்று செவியைக் கொடுப்பேன். விதைப்பு முடியட்டும், எண்ணெய் மாற்றும்போது சொல்லலாம் என்று நாளைக் கடத்தினேன்.

விதைப்பு முடிவதற்குள் வசந்திக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. மூன்று வயது. கண் மேலே செருகிவிட்டது. நீங்கள் மிசினுக்குப் பின்னால் இழுவைப் பெட்டியைக் கொழுவி வைக்கோல் பரப்பினீர்கள். நான் அவளை மடியில் கிடத்திச் சாக்கால் மூடினேன். பின்னேர மழை. பெரிய றோட்டுக்குப் பாதி வழியில் நீலப் புகை கக்கி, இரண்டு தரம் உதறி, மிசின் நின்றது. பாதையில் யானை போட்ட இலத்தி இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. மழை சொட்டுகிற சத்தமும் பிள்ளை பல்லு நெருமுகிற சத்தமும்தான்.

நீங்கள் கம்பியை இழுத்துப் பார்த்தீர்கள். என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள்.

"நீ புத்தகத்திலை பார்த்துத்தானே சொன்னனீ?"

"ஓம்."

"அப்ப எண்ணெயிலை பிழை இல்லை. நான்தான் சேத்துக்கை வெருட்டி உழுதுபோட்டன்."

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தீர்கள். நான் உங்கள் சாரத்து நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தேன். பக்கத்தில் மரக்கொப்பு முறிகிற சத்தம் கேட்டபோதும் நீங்கள் நிற்கவில்லை. றோட்டில் முல்லைத்தீவு மீன் லொறி வந்தது. சாரதி சிலுவை போட்டுக்கொண்டு எங்களை முன்னுக்கு ஏற்றினார். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் வசந்தி கஞ்சி கேட்டாள்.

மிசினைக் கழற்றியபோது வளையம் எல்லாம் கறுப்புப் பிசினாய் ஒட்டிக் கிடந்தது. கராச்சுக்காரர் எண்ணெயைத்தான் சந்தேகித்தார். புத்தகத்தில் உள்ள எண்ணெய் என்று அவரோடு சண்டைக்குப் போனீர்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

கடைசியாய்க் கிடையில் கிடந்தபோதும் மகளின் கையைப் பிடித்து, அண்டைக்கு உன்னை நடுக்காட்டில் சாக விட்டிருப்பேனே, மிசினை நான்தான் கெடுத்தது என்று மன்னிப்புக் கேட்டீர்கள். அவளுக்கு அது ஒன்றும் நினைவில்லை. நான் உங்கள் காலடியில் போர்வையை இழுத்துச் சரிசெய்துகொண்டு இருந்தேன்.

முதல் ஓம் அவசரத்தில் வந்தது. இரண்டாவது பயத்தில் வந்தது. அந்தப் பயம் இன்னும் போகவில்லை. புத்தகம் இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது. இன்றைக்குக் கண்ணாடி போட்டு, விரல் வைத்து, பதினொரு பெயரையும் உங்கள் படத்துக்கு முன்னால் உரத்து வாசித்தேன்.

இஞ்சாருங்கோ, அந்தப் பேர் இதிலை இல்லை.