எடைக்கு எடை வெல்லம்

திருவண்ணாமலை
11.3.1979

தம்பி பலராமனுக்கு,

உன் அண்ணன் அர்ஜுனன் எழுதுவது. ஆள் வைத்து எழுதவில்லை. என் கையால் எழுதுகிறேன். அறுபத்திரண்டு வயதில் என் முதல் கடிதம் இது. இந்த வரி வரைக்கும் வர ஒரு முழுப் பகல் ஆயிற்று.

எங்கள் தெருவுக்கு முதியோர் வகுப்பு வந்தது. ஜஹானாரா டீச்சர் வீடு வீடாக ஆள் கேட்டு வந்தது. நான் கட்டிலில் கிடந்தபடியே, "எனக்கு இங்கேயே சொல்லிக் குடும்மா" என்றேன். "பெரியவரே, வூட்டுக்கு வந்தெல்லாம் சொல்லித் தர்றதில்ல. எழுத்து வேணும்னா எழுந்து வாங்க" என்றது. வகுப்பு நடக்கும் இடம் நாற்பது அடி தூரம். சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர அன்று அரை மணி ஆனது.

ஏழு வருஷத்துக்கு முன்னால் வண்டியிலிருந்து குதித்து இடுப்பை உடைத்துக்கொண்டவன் நான். தலையிலும் அடிபட்டதால் எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. நீ சொல்லித்தான் தெரியும். ஒரே வருஷத்தில் எலும்பு கூடிவிட்டது, நட என்றார் டாக்டர். ஓடுகிற வண்டியிலிருந்து குதித்த மடையன் எழுந்து என்ன சாதிக்கப் போகிறான் என்று கிடந்துவிட்டேன்.

இப்போது பயில்வான் ஜியாவுல்லா பாயிடம் காலையில் போகிறேன். பத்து பஸ்கி போடுகிறேன். அவித்த கடலை, இரண்டு முட்டை, உளுந்தங்களி சாப்பிடச் சொல்லியிருக்கிறார். கார்த்திகை மாதம் கடலை மண்டித் தராசில் ஏறினபோது முப்பத்தொன்பது கிலோ. மூட்டை தூக்கும் சடையன், "என்னா பெருசு, சாக்குல ஓட்டையா?" என்று சிரித்தான். நேற்று நாற்பத்தைந்து. அவன் சிரிக்கவில்லை.

இந்த ஏழு வருஷத்தில் நீ ஒரு நாளும் வந்து பார்க்கவில்லை. அதையும் என் கையால் எழுத வேண்டும் என்று ஆசை. எழுதிவிட்டேன்.

அண்ணன்
அர்ஜுனன்


19.3.1979

அன்புள்ள அண்ணாவுக்குத் தம்பி பலராமனின் வணக்கம்.

உங்கள் கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ராஜம்மாளுக்கும் படித்துக் காட்டினேன். நம்பவே மாட்டேன் என்கிறாள்.

நீங்கள் விழுந்த அன்றே நம் ஊர் பச்சையம்மனிடம் வேண்டிக்கொண்டேன். அண்ணன் எழுந்து நடந்தால் எடைக்கு எடை வெல்லம் தருகிறேன் என்று. அம்மன் கண் திறந்துவிட்டாள். இந்த வருஷம் நல்ல கரும்பு. வெல்லம் காய்ச்சித் தனியாக எடுத்து வைத்துவிட்டேன். நீங்கள் சொல்கிற வெள்ளிக்கிழமை வந்து தராசுத் தட்டில் உட்கார்ந்தால் போதும். வண்டி அனுப்புகிறேன்.

பலராமன்


திருவண்ணாமலை
2.4.1979

பலராமனுக்கு,

வண்டி அனுப்புகிறாயா? எந்த வண்டியில் ஏறச் சொல்கிறாய்?

வேண்டுதலுக்கு என் உடம்பைப் பேசிவிட்டு வந்திருக்கிறாய். என்னிடம் கேட்டாயா? வெல்லம் உன்னுடையது. எடை என்னுடையது. பாயிடம் சொன்னேன். "அப்போ நல்லா தின்னுட்டுப் போங்க அர்ஜுனன், ஜாஸ்தி ஆகட்டும்" என்கிறார். இப்போது நாற்பத்தேழு. நான் ஏற ஏற உன் நேர்த்திக்கடனும் ஏறும். இதை நினைத்தாலே எனக்கு இன்னொரு முட்டை இறங்குகிறது.

நான் உட்கார மாட்டேன் என்று சொல்லவில்லை. ஒரே ஒரு பதில் வேண்டும். ஏழு வருஷம் ஏன் வரவில்லை? அதைச் சொல். மறுநாளே தட்டில் உட்காருகிறேன்.

அர்ஜுனன்


10.4.1979

அன்புள்ள அண்ணாவுக்கு,

சாமி காரியத்தில் வீம்பு வேண்டாம். நீங்கள் நடப்பது ஊருக்கே தெரிந்துவிட்டது. பூசாரி கேட்கிறார். நம் சந்திரகலா தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். வேண்டுதலை வைத்துக்கொண்டு பிரசவம் பார்ப்பதா என்று ராஜம்மாள் அழுகிறாள். "உங்க அண்ணன் நம்ம பொண்ணு மேல சாபம் விடுறாரா?" என்று கேட்கிறாள். நான் என்ன பதில் சொல்ல?

வராததற்குக் காரணம் வேலைதான். கிணறு வற்றியது, ஆழப்படுத்தினேன். மாடு செத்தது. ஒன்று மாற்றி ஒன்று. தம்பி என்று மன்னிக்க வேண்டும்.

பலராமன்


திருவண்ணாமலை
6.5.1979

பலராமனுக்கு,

கிணறு ஏழு வருஷமா வற்றும்? உன் ஊருக்கும் இந்த ஊருக்கும் ஒரு மணி நேர பஸ். பொய்யைப் படிக்கவும் எனக்கு இப்போது தெரிகிறது.

சந்திரகலா என் கையில் வளர்ந்த பெண். அவளுக்கு ஒரு குறையும் வராது. அவளைக் காட்டி என்னைப் பயமுறுத்தாதே.

உன்னால் இங்கே வீட்டிலும் சண்டை. உன் அண்ணி ஜோதி என்னோடு பேசி நான்கு நாள் ஆகிறது. கடைசியாகப் பேசியது இது: "தம்பி மேல உங்களுக்கு என்னா கோவம்? அவரா உங்களைத் தள்ளுனாரு? நீங்களாத்தான் குதிச்சீங்க. ஏழு வருஷம் நான் பீ மூத்திரம் அள்ளுனேன். இப்ப பத்து கிலோ ஏறுன உடனே சாமியையே காக்க வெக்கிறீங்களா?"

அவள் சொன்னதில் தப்பு இல்லை. குதித்தவன் நான்தான். ஆனால் குதித்த அண்ணனை வந்து பார்க்கக் கூடாது என்று எந்த ஊரில் சட்டம்?

ஐம்பது கிலோ ஆகிவிட்டது. முன்போல எனக்குச் சந்தோஷமாக இல்லை. பச்சையம்மன் ஊர்ப் பக்கம் திரும்பிக் கும்பிடவும் பயமாக இருக்கிறது. ஆனாலும் வர மாட்டேன். காரணம் இல்லாமல் இனி எனக்குக் கடிதம் போடாதே.

அர்ஜுனன்


17.6.1979

அண்ணா,

சந்திரகலாவுக்கு ஆண் குழந்தை. இருவரும் நலம். இனி நான் பயத்தில் எழுதுவதாக நீங்கள் நினைக்க வேண்டியதில்லை.

முன்பெல்லாம் உங்களுக்குக் கடிதம் போட்டால் யாராவது படித்துக் காட்ட வேண்டும். டீக்கடையில் படித்தால் தெருவே கேட்கும். நேரில் வந்தால் அண்ணி முகத்தைப் பார்க்க வேண்டும். இதைச் சொல்ல எனக்கு வழியே இருக்கவில்லை. இப்போது நீங்களே படிக்கிறீர்கள்.

நீங்கள் குதிக்கவில்லை அண்ணா. அதாவது, ஊர் சொல்கிற மாதிரி குதிக்கவில்லை.

அன்று மத்தியானம் சந்தைக்கு வெல்லம் ஏற்றிக்கொண்டு வந்தோம். சாராயக் கடை திறந்திருந்த காலம். நான் குடித்திருந்தேன். உங்களுக்குத் தெரியாது, நீங்கள் பின்னால் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தீர்கள். கயிற்றைக் கையில் பிடித்தபடியே நான் தூங்கிவிட்டேன். ஏரிக்கரை இறக்கத்தில் சக்கரம் கரை ஓரத்துக்குப் போய்விட்டது. "டேய் பலராமா!" என்று நீங்கள் போட்ட சத்தத்தில்தான் விழித்தேன். அதற்குள் நீங்கள் இறங்கி, சாய்கிற வண்டிக்குத் தோளைக் கொடுத்து நின்றீர்கள். நான் அந்தப் பக்கம் தாவித் தப்பித்தேன். நீங்கள் தோளைக் கொடுக்காமல் இருந்தால் மூட்டையோடு ஏரிக்குள் நான் அடியில் கிடந்திருப்பேன். வண்டி உங்கள் மேல் விழுந்தது.

ஆட்கள் ஓடி வந்து கேட்டபோது, "அண்ணன் அவசரப்பட்டுக் குதிச்சுட்டாரு" என்று வாயில் வந்துவிட்டது. உங்களுக்கு ஞாபகம் வரவில்லை என்று டாக்டர் சொன்னதும் அதுவே நின்றுவிட்டது. அதனால்தான் நான் வரவில்லை.

நீங்கள் தட்டில் உட்கார்ந்தாலும் சரி, உட்காராவிட்டாலும் சரி.

பலராமன்


திருவண்ணாமலை
1.7.1979

பலராமா,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. உன் எழுத்து நெருக்கம். எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். "நீங்கள் குதிக்கவில்லை" என்ற இடத்தில் தப்பாகக் கூட்டிவிட்டேனோ என்று திரும்பவும் முதலிலிருந்து படித்தேன். டீச்சரிடம் காட்டிக் கேட்கவும் முடியாது. மூன்றாவது தடவைதான் நம்பினேன்.

அன்று பாயிடம் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. உடம்பில் வலுவோடு ஒருவன் கோபமாக இருப்பது நல்லதில்லை என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. படுத்துக் கிடந்த காலத்தில் என் கோபம் யாரையும் ஒன்றும் செய்யாது.

உன் உயிரைக் காப்பாற்றினதற்கு நான் வருத்தப்படவில்லை. கேட்டால் இப்போதும் தோள் கொடுப்பேன். நான் மடையன் என்று என்னையே நம்ப வைத்தாயே, அதைத்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை. ஆறு வருஷம் அந்தக் கட்டிலில் என்னைப் போட்டு வைத்தது இடுப்பு இல்லை.

ஜோதிக்குப் படிக்கத் தெரியாது. உன் கடிதத்தை நான் அவளுக்குப் படித்துக் காட்டலாம். காட்ட மாட்டேன். அவள் எதிரில் நின்று உன் வாயால் நீ சொல்ல வேண்டும். அதற்கு அப்புறம் தராசைப் பற்றிப் பேசலாம்.

அர்ஜுனன்


திருவண்ணாமலை
15.7.1979

பலராமா,

நீ வந்து சொல்லிவிட்டுப் போனாய். ஜோதி உனக்குத் தண்ணீர் கொடுத்தாள், சோறு போடவில்லை. அதை மனதில் வைக்காதே. அன்று அவள் தனக்கும் போட்டுக்கொள்ளவில்லை.

நேற்று நான் பஸ்கி போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தபோது எதிரில் வந்து நின்றாள். "உங்க தம்பி பண்ணதுக்கு அம்மன் கிட்ட வெல்லத்தை வெச்சுட்டுப் போயிடுவாரு. குதிச்ச மனுஷன் குதிச்ச மனுஷன்னு ஏழு வருஷமா நான் குத்திக் காட்டுனேனே, அதுக்கு நான் எந்தத் தட்டுல எதை வெக்கிறது?" என்றாள். அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

ஆடி முதல் வெள்ளிக்கிழமை வருகிறோம். தட்டில் உட்காருகிறேன். உனக்காக என்று எடுத்துக்கொள்ளாதே. நான் எழுந்து நடந்தது உண்மை, அம்மனுக்குச் சொன்ன சொல்லும் உண்மை. உன் வீட்டில் கை நனைப்போமா என்று இப்போது கேட்காதே. கோயில் வரைக்கும்தான் என்னால் சொல்ல முடியும். சந்திரகலாவைக் குழந்தையோடு கோயிலுக்கு வரச் சொல்.

வண்டி அனுப்ப வேண்டாம். பஸ்ஸில் வந்து ரோட்டில் இறங்கி, ஏரிக்கரை வழியாகவே நானும் ஜோதியும் நடந்து வருவோம்.

உன் அண்ணன்
அர்ஜுனன்