கன்றாத தோள்

மார்ச் 3, திங்கள்

ஒரு பெண்ணின் தோளில் இருக்கும் ரத்தக்கட்டைப் பார்த்து, அவள் துப்பாக்கியால் சுட்டாளா இல்லையா என்று சொல்ல முடியுமா? எனக்குத் தெரியவில்லை. அடுத்த திங்கள் கோர்ட்டில் அதைத்தான் என்னிடம் கேட்கப் போகிறார்கள்.

பெரியவர் ஒருவர் தன் வீட்டிலேயே, தன்னுடைய இரட்டைக்குழல் துப்பாக்கியால் சுடப்பட்டு இறந்திருக்கிறார். வீட்டில் இருந்தவர்கள் இரண்டு மகன்கள், மூத்தவனின் மனைவி. மறுநாள் டாக்டர் மூவரையும் சோதித்தார். மகன்கள் சிறு வயதிலிருந்தே சுடும் கழகத்தில் பழகியவர்கள், ஆனால் தோளில் ஒரு குறியும் இல்லை, போலீஸ் விட்டுவிட்டது. மருமகளின் வலது தோளில் ரத்தக்கட்டு. துப்பாக்கி பின்னால் உதைத்த தடம் என்கிறார்கள். கேஸ் சிலிண்டர் தூக்கியதில் வந்தது என்கிறாள் அவள். அன்றிலிருந்து சிறையில் இருக்கிறாள்.

எங்கள் தடயவியல் ஆய்வுக்கூடத்தில் துப்பாக்கியை இரும்புத் தாங்கியில் பூட்டி, தள்ளி நின்று கயிற்றை இழுத்துச் சுடுவோம். தோளில் வைத்து நான் சுட்டதே இல்லை. சுட்டுப் பார்க்காமல் சாட்சிக் கூண்டில் ஏறப்போவதில்லை.

மார்ச் 5, புதன்

எழுத்து கோணலாகப் போகிறது.

சுடும் மைதானத்துக்கு அதே ரகத் துப்பாக்கியோடு போனேன். பயிற்சி தரும் பெண் துடுக்குக்காரி. துப்பாக்கியின் பின்கட்டையைத் தோளோடு ஒட்டி வைக்கச் சொன்னாள். நான் விரற்கடை இடைவெளி விட்டேன். யோசித்துத்தான் விட்டேன். தாங்கியில் துப்பாக்கி பின்னால் ஓட இடம் விடுவோம். விடாவிட்டால் தாங்கி உடையும். தோளுக்கும் அதே நியாயம்தானே?

தாங்கிக்கு எண்ணெய் போட்ட தண்டவாளம் இருக்கிறது. எனக்கு எலும்பு.

சத்தம் கேட்டதாகவே நினைவில்லை. யாரோ சம்மட்டியால் — இல்லை, அப்படியும் இல்லை. நின்ற இடத்தில் நான் இல்லை, அவ்வளவுதான் தெரியும். பல் கிட்டிப்போயிருந்தது.

"பஸ்ஸுக்கு வழி விடற மாதிரி நிக்கிறீங்களே மேடம்," என்றாள் அவள். "இடம் விட்டா ஓடி வந்து மோதும். ஒட்டி வச்சா உங்களையும் சேத்துத் தள்ளும், அதோட சரி."

மார்ச் 6, வியாழன்

வலது தோள் நீலம். டாக்டர் எடுத்த மருமகளின் படத்தில் உள்ள அதே இடம், ஏறக்குறைய அதே வடிவம். அப்படியானால் அவள்தானா?

குளித்துவிட்டு வரும்போது நாத்தனார் பார்த்துவிட்டாள். கதவைச் சாத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணன் கை வச்சானா அண்ணி? மறைக்காதீங்க."

துப்பாக்கி என்றேன்.

"கதவு இடிச்சுதும்பாங்க, வழுக்கி விழுந்தேம்பாங்க. துப்பாக்கின்னு சொல்ற மொத ஆளு நீங்கதான்."

என் கணவருக்கு இன்று தங்கையிடமிருந்து காபி கிடைக்கவில்லை. நான் என்ன பண்ணினேன் என்று என்னிடம் வந்து கேட்கிறார், பாவம்.

மார்ச் 7, வெள்ளி

கையைத் தூக்கித் தலை வாரிக்கொள்ள முடியவில்லை.

மார்ச் 8, சனி

மறுபடி மைதானம். வலது தோள் ஆகாது என்பதால் இடது. இம்முறை சொன்னபடி: ஒரு கால் முன்னால், உடம்பும் முன்னால் சாய்ந்து, கட்டை தோள்குழியில் பதிய, கன்னம் அதன்மேல் ஒட்ட, முன்னால் இருக்கும் கையால் இறுக இழுத்து. அதே தோட்டா. ஒரு பெட்டி தீர்ந்தது. ரைஃபிளும் கொடுத்துப் பார்த்தாள். அது வெடுக்கென்று குத்துகிறது, இரட்டைக்குழல் ஷாட்கன் பாரமாகத் தள்ளுகிறது. பிடிக்கிற விதம் ஒன்றுதான்.

மார்ச் 9, ஞாயிறு

இடது தோளில் ஒன்றுமில்லை. வெளிச்சத்தில் நின்று பார்த்தேன். நம்பாமல் நாத்தனாரையும் பார்க்கச் சொன்னேன். ஒரு சிவப்புகூட இல்லை.

ஒரே ரகத் துப்பாக்கி, ஒரே உடம்பு. ஒரு குண்டு சுட்ட தோள் நீலம். ஒரு பெட்டி சுட்ட தோள் சுத்தம்.

அந்த மகன்கள். ஐயோ, சுடத் தெரிஞ்சவன் தோள்ல எப்படி இருக்கும்? இருக்காதே. அதை வச்சா அவங்களை விட்டாங்க? நானும் அதைப் படிச்சிட்டுச் சரின்னு பக்கத்தைத் திருப்பினேனே —

நாளைக்குக் கேட்டால் சொல்லலாம். கேட்காவிட்டால்?

மார்ச் 10, திங்கள்

கேட்கவில்லை. இந்தத் துப்பாக்கியால் இப்படி ரத்தக்கட்டு வருமா என்றார் அரசு வக்கீல். வரும் என்றேன். அவர் உட்கார்ந்துவிட்டார். மருமகளுடைய வக்கீல் கேள்வி இல்லை என்றார். என்னைப் போகச் சொன்னார்கள்.

நான் கூண்டைவிட்டு இறங்கவில்லை. கேட்காத இடத்தில் பேசிப் பழக்கமில்லாதவள். கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீதிபதி நிமிர்ந்து, இன்னும் என்ன என்றார்.

"இந்த ரத்தக்கட்டு எதனாலயும் வந்திருக்கலாம் ஐயா. ஆனா பிடிக்கத் தெரிஞ்சவங்க சுட்டா ஒரு தடமும் இருக்காது. நானே சுட்டுப் பாத்தேன். தோள் சுத்தமா இருக்குன்னு யாரையும் விட முடியாது."

அரசு வக்கீல் எழுந்தார். நீதிபதி அவரைக் கையமர்த்திவிட்டு, மறுபடி மெதுவாகச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார்.

அவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே பின்வரிசையிலிருந்து இளைய மகன் எழுந்து வெளியே நடந்தான். பேனாவைக் கீழே வைக்காமலே நீதிபதி வாசல் காவலரிடம், அவரைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்றார்.