வெள்ளைத் துணியில் மஞ்சள் கை

மாசி 6, திங்.

பனி. ஏரியே தெரியவில்லை. சாயப் பட்டறையில் வெளுத்த துணி மடிப்பு. வெள்ளிக்கிழமை துணி வாங்கும் டச்சுத் துரை, உலாந்தாக்காரர், கோட்டையிலிருந்து வந்து பார்ப்பார். அதற்குள் எல்லாக் கட்டும் தயாராக வேண்டும்.

அக்காவின் புருஷன் எல்லப்பன் மச்சான் உள்ளங்கையில் கெளுத்தி மீன் முள் ஏறிவிட்டது. நல்ல வீக்கம். வலை இழுக்க முடியாது. ஆறும்வரை பட்டறையில் மடிப்பு வேலை கொடுக்கும்படி மேஸ்திரியிடம் கேட்டேன்.

"உன் மூஞ்சிக்காவத்தான். துணி கெட்டுச்சு, அவன் அப்பவே வெளியே."

மதியம் கோட்டைக்குப்பம், அக்கா வீடு. மடவை மீன் குழம்பு. மஞ்சள் பொடி தாராளம். மச்சான் கையிலும் அதே பொடி, நல்லெண்ணெயில் குழைத்துச் சூடாக.

எல்லாவற்றுக்கும் மஞ்சள்தானா என்று அக்காவைக் கேட்டேன்.

"கவிச்சு போவ மஞ்சா. வவுத்துப் பூச்சிக்கு மஞ்சா. சளிக்கு மஞ்சா. முள்ளு குத்துனா மஞ்சா. ஒனக்கு இன்னாடா நோவுது?"

"ஒரே பொடி எப்படி எல்லா வேலையும் செய்யும்?"

"ஒரே வாய வச்சினு நீ எல்லாத்தியும் பேசல?"

மச்சான் சிரித்ததில் குழம்பு கொட்டியது.

மாசி 7, செவ்.

சோதனை. ஒரே அளவில் இரண்டு மடவை. ஒன்றில் உப்பு மட்டும். மற்றதில் உப்பும் மஞ்சளும். நிழலில் வைத்தேன். சாயங்காலம் முதலில் நாறியது உப்பு மட்டும் போட்டது. மற்றதும் பின்னாலேயே. ஆக, கவிச்சு குறைவது உண்மை. ஆனால் ரொம்ப நேரம் காக்காது.

அக்காவிடம் சொன்னேன். "இத்த கண்டுபுடிக்க ரெண்டு மீனா? நல்ல மீனுடா, பாவி!" இரண்டும் பூனைக்கு.

மற்றவை:
சளி – மஞ்சள் கொம்பைச் சுட்டு அந்தப் புகை. மூக்கு திறந்தது. கண்ணும் எரிந்தது.
இறால் – மஞ்சள், மிளகு, உப்பு பிசிறி வறுவல். இதற்குச் சோதனை வேண்டாம். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.
மச்சான் கை – வீக்கம் பாதி. மஞ்சளா, எண்ணெய்ச் சூடா? பிரித்துச் சொல்ல வழியில்லை. இன்னொரு கையில் முள் குத்திப் பார்க்க மச்சான் சம்மதிக்கவில்லை.

மாசி 8, புத.

நாசம். கட்டின் மேல் துணியில் மஞ்சள் கை. ஐந்து விரலும் அச்சாக. மச்சானின் பற்று கசிந்திருக்கிறது. மேல் துணியைத்தான் உலாந்தாக்காரர் முதலில் தொடுவார்.

மேஸ்திரி மச்சானைத் துரத்திவிட்டார். "பத்த எடுத்துட்டு வர்ரேன் நைனா" என்று கெஞ்சினான். "கைய எடுத்துட்டு வந்தாலும் வேணாம், போ." கடலும் இல்லை, பட்டறையும் இல்லை. அக்கா வீட்டில் மூன்று பிள்ளைகள்.

எனக்கு ஆத்திரம். கறையில், துணி வெளுக்கும் உவர்மண் தண்ணீரை ஊற்றித் தேய்த்தேன். துணியிலிருந்த மஞ்சள் கை சிவப்பாகிவிட்டது. ரத்தச் சிவப்பு.

வெளுப்புக்காரன் முனியன்: "இன்னா சாமி, துணிக்கு ஆரத்தி சுத்துறியா?"

மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும். உவர்மண்ணும் அதே கார ஜாதிதான். காளத்தியில் நான்கு வருடம் சாயம் படித்தவன் நான். தூ.

மாசி 9, வியா.

எலுமிச்சைச் சாறு. சிவப்பு மறுபடி மஞ்சளானது. வந்த இடத்துக்கே வந்தாயிற்று. இனி வெயில்தான். சாயக்காரன் துணிக்கு மஞ்சள் தொடாததே அதனால்தான்: பார்க்கப் பளிச்சென்று இருக்கும், வெயிலில் நிற்காது. நமக்கு இன்று நிற்காததுதான் வேண்டும்.

மணல் மேட்டில் விரித்தேன். மேகம். உச்சிவரை மேகம். அக்கா வந்து பார்த்தாள். தண்ணீர்க் குடத்தை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அது திட்டுவதைவிட மோசம்.

பிறகு வெளுத்தது வானம். தண்ணீர் தெளித்துத் தெளித்துக் காயவிட்டேன். முதலில் விரல்கள் போயின. பொழுது சாய உள்ளங்கையும் போனது. மேஸ்திரி துணியைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். மூக்கில் வைத்தும் பார்த்தார். "சரி." மச்சானைப் பற்றிக் கேட்டேன். "அந்தப் பேஜாரு வேணாம்."

மாசி 10, வெள்.

தென்காற்று. கடும் வெயில்.

உலாந்தாக்காரர் காலையில் வரவில்லை. கோட்டையில் சாப்பிட்டுவிட்டு மெதுவாக வந்தார். இறால் வறுவல், வாசனை அவருக்கு முன்னால் வந்தது. மேல் துணியை விரித்தார், தடவினார், தலையாட்டினார். அடுத்தது. அடுத்தது. எல்லாம் சரி என்று துபாஷி அவர் பேச்சை மொழிபெயர்த்துச் சொன்னார்.

அவர் கையை எடுத்ததும் பார்த்தோம். கடைசித் துணியின் ஓரத்தில் அவர் கட்டைவிரல் அச்சு. பளிச்சென்ற மஞ்சள். அவர் தன் விரலைப் பார்த்தார். துணியைப் பார்த்தார். மேஸ்திரி ஆகாயத்தைப் பார்த்தார். முனியன் இருமினான், அது இருமல் இல்லை.

உலாந்தாக்காரர் துபாஷியிடம் ஏதோ முணுமுணுத்துவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

மேஸ்திரி என் பக்கம் திரும்பினார்.

"ஏரா, உவர்மண்ணு கிட்ட போவாத. வெயில்ல விரி. உன் மச்சானக் கூப்புடு, காவலுக்கு ஆள் வேணும். கைல பத்தோடயே வரட்டும். தொரையே மஞ்சக் கைய வச்சிட்டாரு, இனிமே எவன் கேப்பான்?"