முழுகாமல் இல்லை

ஜூன் 3

என் மகனைக் கட்டிக்கொண்டவளுக்கு,

உன் மாமியார் எழுதுவது. நலமா என்று கேட்கப்போவதில்லை. நலமாக இருப்பவள்தான் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் அம்மா வீட்டுக்குப் போவாள்.

நீ மாதாமாதம் தலைக்கு ஊற்றிக்கொள்வது நின்றதைப் பார்த்து, மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று இந்த மாடிப்படி முழுக்கச் சொன்னேன். கீழ்வீட்டுக்காரி உன் கன்னத்தைக் கிள்ளினாள். நீ ஈரத்துணி வாளியோடு நின்றாய். வாய்க்குப் பூட்டா போட்டிருந்தது? இல்லை அத்தை என்று ஒரு வார்த்தை வந்ததா? கடைசியில் ஆஸ்பத்திரி நர்ஸ் என்னை மருந்துக்கடையில் பார்த்து, "கர்ப்பத்தடை ஊசிக்கு மருமகளை மறக்காம வரச் சொல்லுங்கம்மா, தள்ளிப்போனா பலிக்காது" என்கிறாள். என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன்?

அந்த ஊசி விஷம். வரவேண்டிய ரத்தமெல்லாம் உள்ளே கட்டிக்கொள்ளும். கர்ப்பப்பை காய்ந்து சருகாகும். எலும்பு உளுத்துப்போகும். பேத்திக்கு ஒரு தம்பி வேண்டாமா? வந்த முதல் நாளே என் சாப்பாட்டுத் தட்டைத் தாண்டி நடந்தவள்தானே நீ. நான் எதையும் மறப்பதில்லை.

ஊசியை விட்டுவிட்டு வா. இல்லையென்றால் பேத்தியை மட்டும் அனுப்பு.

மாமியார்

ஜூன் 11

அத்தை அவர்களுக்கு,

வணக்கம். தட்டைத் தாண்டியதற்கு அன்றே மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

வாண்டு பிறந்தபோது எனக்கு ரத்தம் நிற்கவே இல்லை. மெத்தை நனைந்து தரையில் சொட்டியது. நீங்கள் தலைமாட்டில் நின்று, "எவளும் பெறாததையா பெத்துட்டே?" என்றீர்கள். உடம்பு தேறும்வரை அடுத்தது வேண்டாம் என்றார் டாக்டரம்மா. மாத்திரை போட்டுப் பார்த்தேன். இஸ்திரிக் கம்பெனியில் ஷிஃப்ட் மாறி மாறி வந்ததில் மறந்து மறந்து போனது. அதனால்தான் மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி. உங்கள் மகனுக்குத் தெரியும். உங்களிடம் சொல்லத்தான் அவருக்குத் தைரியம் வரவில்லை.

கெடுதலே இல்லை என்று நான் சொல்லவில்லை. முதலில் ரத்தம் சொட்டுச் சொட்டாகப் பட்டுக்கொண்டே இருந்தது. எடை ஏறியது, தலை வலித்தது. இப்படியெல்லாம் வரலாம், மாதக் குளிப்பு நின்றும் போகலாம் என்று சொல்லித்தான் போட்டார்கள்.

அன்று படியில் வாய் திறந்திருந்தால் அத்தனை பேர் முன்னால் உங்களைப் பொய்யாக்கியிருப்பேன். வீட்டுக்குள் வந்து சொல்லலாம் என்றால், நீங்கள் பிள்ளைக்குப் பெயர் தேட ஆரம்பித்துவிட்டீர்கள்.

நேற்று இஸ்திரி மேசையில் பக்கத்தில் நிற்பவள், கீழ்வீட்டுக்காரியின் தங்கை, என் கையைப் பிடித்து அழுதாள். "கலைஞ்சிடுச்சாமே, அதுக்குள்ள ஏன் வேலைக்கு வந்தே?" என்றாள். உங்கள் முகத்தைக் காப்பாற்றிக்கொள்ள, என் வயிற்றில் இல்லாத பிள்ளையைக் கொன்றிருக்கிறீர்கள்.

முழுகாமல் இருக்கிறாள் என்று யாரிடமெல்லாம் சொன்னீர்களோ, அவர்களிடம் உங்கள் வாயாலேயே உண்மையைச் சொல்லுங்கள். வாண்டும் நானும் வருகிறோம். ஊசியைப் போடுவதும் விடுவதும் என் விஷயம்.

மருமகள்

ஜூன் 24

அழுத்தக்காரிக்கு,

உன் டாக்டரம்மாவோடு சண்டை போடத்தான் போனேன். ரத்தம் எங்கே கட்டிக் கிடக்கிறது, சொல் என்றேன். உள்ளே படலம் வளர்ந்தால்தானே கொட்டும், ஊசி அதை வளரவிடாது, கட்டிக்கொள்ள ஒன்றுமில்லை என்றாள். கர்ப்பப்பையும் காயாதாம். ஆனால் நிறுத்திய பிறகு கரு தங்க ஒரு வருஷம்கூட ஆகலாமாம். எலும்பு என்றேன். கொஞ்சம் மெலியத்தான் செய்யும், நிறுத்தினால் பெரும்பாலும் தேறிவிடும், வருஷக்கணக்கில் போடுவதென்றால் கலந்து பேசித்தான் போடவேண்டும் என்றாள். ஆக, எலும்பு விஷயத்தில் நான் சொன்னது பாதி சரி. அதை மட்டும் நீ எழுதாமல் விட்டாய். மனதில் வைத்துக்கொண்டேன்.

உன் புருஷனைக் கேட்டேன். தட்டை விட்டுத் தலை தூக்கவில்லை. அப்பன் புத்தி அப்படியே.

நேற்று குழாயடியில் கீழ்வீட்டுக்காரி வாயைத் திறந்தாள். "பாவம்க்கா, உங்க மருமகளுக்கு வயித்துல தங்காது போல. பையனுக்கு வேற இடம் பாக்கக் கூடாதா? எங்க சொந்தத்துல ஒரு பொண்ணு இருக்கா." எனக்கு உச்சந்தலைவரை ஏறியது. "என் மருமக வயித்துக்கு என்னடி குறை? அவ முழுகாமயும் இல்ல, ஒண்ணும் கலையவும் இல்ல. ஊசி போட்டிருக்கா. கலைஞ்சதுன்னு சொன்னது என் பொய்!" என்று கத்திவிட்டேன். குடம் நிரம்பி வழிந்தது. குழாயை மூட ஒருத்திக்கும் கை வரவில்லை. இனி அங்கே என் பேச்சை எவள் நம்புவாள்?

உனக்காகச் சொன்னேன் என்று மிதப்பில் இருக்காதே. உன்னைத் திட்ட எனக்கு உரிமை இருக்கிறது. அவளுக்கு என்ன இருக்கிறது?

கேட்டது நடந்துவிட்டது. பேத்தியோடு வந்து சேர். ஆனால் உன்னோடு எனக்குப் பேச்சு கிடையாது. செத்தாலும் கிடையாது.

மாமியார்

ஜூன் 28

அத்தை அவர்களுக்கு,

ஞாயிற்றுக்கிழமை வருகிறோம். அடுத்த ஊசியும் போட்டாயிற்று. கை வலிக்கிறது, வாண்டை நீங்கள்தான் மாடிக்குத் தூக்கிவர வேண்டும்.

பேச மாட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. குறுக்கே பேச ஆள் இருக்காது.

மருமகள்