பிழையே இல்லாத நாலு கடிதம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் உடம்புக்கு நலம். நீ நலமா என்று எப்போதும் வழக்கத்துக்குக் கேட்பேன், இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன்.

அச்சகத்தில் அப்பாவோடு இருபது வருடம் மெஷின் ஓட்டிய அச்சு மாமாவும் அத்தையும் மூன்று நாளாக இங்கேதான் இருந்தார்கள். நீ இருக்கிற ஊரிலிருந்து வந்தவர்கள் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையே என்று முதல் நாளே எனக்கு உறுத்தியது. கேட்டால் அத்தை, காபி ஆறுது குடிங்க என்கிறாள். நேற்று மத்தியானம் எங்களை ஒரு ஜப்பான் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப் போனார்கள். விசித்திரமான கடை, உள்ளே யாரும் வாயைத் திறக்கக் கூடாதாம். செருப்பைக் கழற்றியதும் ஆளுக்கு ஒரு கட்டுத் துண்டுச்சீட்டும் குட்டிப் பென்சிலும் தருகிறார்கள், சொல்ல வேண்டியதை எழுதித்தான் காட்ட வேண்டும். நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிற இடத்தில் சமையல்காரர் மீன் அறுக்கிற சத்தம் மட்டும்தான். எனக்கு அங்கே உட்காரவே பிடிக்கவில்லை. அப்பாவுக்கோ ஒரே குஷி. பிழை திருத்துகிற வேலையை விட்டு ஆறு வருடமானாலும் சட்டைப்பையில் சிவப்புப் பேனா இல்லாமல் கிளம்புவாரா, மாமா நீட்டிய சீட்டையெல்லாம் சுழித்துச் சுழித்துத் திருப்பிக் கொடுத்தார். பச்சை மீனைப் பார்த்து, இது இன்னும் நீந்துமா என்று நான் எழுதினேன், அதிலும் ஒரு புள்ளி விட்டுப்போச்சாம். அந்த நேரத்தில்தான் அத்தை என் தட்டுக்கடியில் ஒரு சீட்டைத் தள்ளினாள். அப்பா முந்திக்கொண்டு எடுத்துவிட்டார். “உங்க பையன் வீடு பூட்டிக் கெடக்கு. நாலு மாசமா அவன் வறலையாம். மாசம் ஒரு தடவ யாரோ ஒரு ஆள் வந்து தபாலை மட்டும் எடுத்துட்டுப் போறாராம்.” வறலையாம் என்பதில் இருந்த வல்லின றவைச் சுழித்து, மேலே ர போட்ட பிறகுதான் அப்பா முழுசாகப் படித்தார். பேனா அங்கேயே நின்றது, சீட்டில் சிவப்பு ஊறிப் பரவியது. கத்தக்கூட முடியாத இடமாகப் பார்த்துக் கூட்டிவந்தாளே பாவி என்று அத்தையை மனசுக்குள் திட்டினேன். அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள், சத்தமில்லாமல்.

வீட்டுக்கு வந்ததும் உன் கடிதங்களையெல்லாம் பரப்பிப் போட்டுப் பார்த்தேன். பள்ளிக்கூடத்திலிருந்தே உனக்கும் அந்த றவுக்கும் ஆகாது. சீக்கிரம் வறுவேன் என்று நீ எழுதும்போதெல்லாம் அப்பா, அடுப்பைப் பத்தவை, பையன் எதையோ வறுக்கப் போறான் என்பார். ஆனால் கையில் அடி, அதனால் டைப் அடிக்கிறேன், வேலை இடத்தில் போன் கூடாது, கடிதமே போடுங்கள் என்று வந்ததே, அதிலிருந்து நாலு கடிதத்திலும் ஒரு பிழை இல்லை. பையன் தேறிட்டான் என்று அப்பா அக்கம்பக்கமெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டார். சமையலறைக் குழாய் ஒழுகுது என்று நான் எழுதியதற்கு, சரி பண்ணியாச்சா என்றுகூட அக்கறையாகப் பதில் வந்தது. யார் கேட்டது அதை? என் வீட்டுக் குழாயில் எவனுக்கு என்ன அக்கறை?

அப்பா இன்று காலை ரயிலில் மாமா அத்தையோடு உன் போட்டோவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். சிவப்புப் பேனாவை மேசைமேலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நீ எங்கே இருந்தாலும் வேளைக்குச் சாப்பிடு, என்ன தப்புப் பண்ணியிருந்தாலும் வீட்டுக்கு வா, ஒரு சொல் கேட்க மாட்டோம். நூறு வயசு இருக்கணும் நீ. ஒன்றே ஒன்று மட்டும். தபால் பெட்டியிலிருந்து இதை எடுத்துப் படிப்பது என் பிள்ளை இல்லையென்றால், ஐயா, கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள். எதிர்வீட்டுப் படியில் கண்ணாடி போட்ட ஒருவர் உட்கார்ந்திருப்பார், அவன் அப்பா. என் பிள்ளை எங்கே என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
அவனுடைய அம்மா