நீ போட்ட கோடி வேட்டி

மாப்பிள்ளை,

புது வேட்டியின் கஞ்சி வாசனை இன்னும் என் கையை விட்டுப் போகவில்லை. முந்தாநாள் காலையில் தேனிக் கடைவீதியில் உனக்காக ஒரு கோடி வேட்டி வாங்கினேன். கடைக்காரர் விரித்துக் காட்ட வந்தார்; வேண்டாம், மடித்தபடியே கொடுங்கள் என்றேன். என்ன விசேஷம் என்று கேட்க வாயெடுத்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். பழனிசெட்டிபட்டியில் உன் வீடு வரைக்கும் அதை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தேன். வழி முழுக்க உன்னை நினைக்கவில்லை என்றால் கோபித்துக்கொள்ளாதே. கோம்பையில் நீ போட்ட கோடியைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஜெர்மன் சண்டைக்கு முந்திய காலம் அது. நம் இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு பஸ், தேனிக்கும் கம்பத்துக்கும் ஓடியது. பஸ்ஸோடு அலைவது நீ. காகிதம், கோர்ட்டு கச்சேரி, கம்பெனி எல்லாம் நான். நாலெழுத்து இங்கிலீஷ் தெரியும் என்ற திமிர் எனக்கு. மதராஸ் கம்பெனி ஒன்றில் பஸ்ஸுக்கு இன்ஷூரன்ஸ் எடுத்ததும் நான்தான். “சாகுறதுக்கு முன்னாலயே துட்டிக்கு ஏற்பாடா மச்சான்?” என்று சிரித்தாய்.

வீரபாண்டித் திருவிழாக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போன ஒரு மத்தியானம், கோம்பைக்குப் பாதை பிரியும் விலக்கில் மாட்டுவண்டி ஒன்று குறுக்கே திரும்பியது. ஹாரன் சத்தத்தில் மாடு மிரண்டது. நம் பஸ் நிற்கவில்லை. மாட்டுவண்டிக்காரர் அந்த இடத்திலேயே போய்விட்டார். கோம்பைக்காரர். பெண்சாதி மட்டும்தான், பிள்ளை குட்டி இல்லை.

அன்று சாயங்காலமே பாலிசியை எடுத்து உன் முன்னால் விரித்து, பின்பக்கத்து நிபந்தனையை வாசித்து அர்த்தம் சொன்னேன். கம்பெனியைக் கேட்காமல் குற்றத்தை ஒப்புக்கொள்ளக் கூடாது, எதையும் கொடுக்கக் கூடாது, வாக்கும் தரக் கூடாது. மீறினால் கம்பெனி நம்மைக் கைவிட்டுவிடும். அப்புறம் அந்தப் பெண் வழக்குப் போட்டால் பஸ்ஸும் போகும், பஸ்ஸுக்காக நீ அடமானம் வைத்த தோட்டமும் போகும். அந்த ஊர்ப்பக்கமே தலைவைத்துப் படுக்காதே என்று படித்துப் படித்துச் சொன்னேன். நீ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாய். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மறுநாள் விடிந்ததும் நீ கோம்பைக்குப் போய்விட்டாய். அங்கே பிணத்தை எடுக்க முடியாமல் ஊரே நின்றிருக்கிறது. பெண்சாதியின் உடன்பிறந்தவன் புதுத் துணி போர்த்திக் கோடி போட்டால்தான் எடுக்கலாம். அவளுக்கு இருந்த ஒரே தம்பி மலைமேல் ஏலத்தோட்டத்தில். தேடிப்போன ஆளும் திரும்பவில்லை. வெயில் ஏறிக்கொண்டே இருக்கிறது. நீ தெருக்கடைக்குப் போய் ஒரு வேட்டி வாங்கி வந்து, தம்பி நிற்க வேண்டிய இடத்தில் நின்று போர்த்திவிட்டாய்.

நீ திரும்பி வந்து சொன்னாய். குடியைக் கெடுத்துவிட்டாயே பாவி என்று கத்தினேன். நீ நிதானமாகக் கேட்டாய்: “வெயில்ல கெடக்குற பொணத்து முன்னால பாலிசியவா விரிச்சுக் காட்டச் சொல்ற?”

நான் பயந்ததுதான் நடந்தது. அவள் சார்பில் உறவுக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். கோடி விஷயம் எப்படியோ கம்பெனியின் காதுக்கு எட்டிவிட்டது. பெரியகுளம் கோர்ட்டில் கம்பெனி வக்கீல் உன்னைக் கூண்டில் ஏற்றினார். இறந்தவர் உமக்கு என்ன முறை என்று கேட்டார். ஒரு முறையும் இல்லை என்றாய். முறையில்லாதவர் கோடி போடுவானேன், தப்பு உம்முடையது என்று மனசில் பட்டதால்தானே என்று மடக்கினார். நீ என் பக்கம் திரும்பினாய். ஒப்புக்கொள்ளாதே என்று நான் தலையை ஆட்டினேன். “போட ஆளில்ல. போட்டேன்” என்றாய், அவ்வளவுதான்.

அடுத்து அவளைக் கூப்பிட்டார்கள். கோடி போடும்போது இவர் என்ன சொன்னார், தப்பு என்னுடையது என்றாரா என்று வக்கீல் கேட்டார். ஆமாம் என்று அவள் சொல்லியிருந்தால் நாம் தீர்ந்தோம். நாம் தீர்ந்துபோக வேண்டும் என்று நினைக்க அவளுக்கு நியாயமும் இருந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னாள்: “அவுக ஒண்ணும் சொல்லலைய்யா. அழுதாக. தப்புச் செஞ்சவுக எதுக்கு வாராக? வராதவுகளக் கேளுங்க.”

அவள் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. ஆனாலும் நான் பெஞ்சில் குனிந்துகொண்டேன்.

துட்டிக்குப் போய்க் கோடி போடுவது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகாது என்று தீர்ப்பாயிற்று. நஷ்ட ஈட்டைக் கம்பெனி அவளுக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. உன் தோட்டம் தப்பித்தது. அந்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் நீ கோம்பைக்குச் சீர் கொண்டுபோனாய். ஒரு தடவையாவது என்னைக் கூப்பிட்டாயா? கூப்பிட்டிருந்தாலும் வந்திருக்க மாட்டேன்.

ஏன் என்று இப்போது சொல்கிறேன். திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னால் டிரைவர் என்னிடம் வந்தான். “மொதலாளி, பிரேக்கு தேஞ்சுபோச்சு, தள்ளிப்போய்த்தான் நிக்குது” என்றான். சாமான் மதுரையிலிருந்து வர வேண்டும். பஸ் இரண்டு மூன்று நாள் நிற்கும். திருவிழா முடியட்டும் பார்க்கலாம் என்றேன். விபத்துக்குப் பிறகு அவன் வாயையும் நானே அடைத்தேன். கோர்ட்டில் நான் தலையை ஆட்டியது கம்பெனிக்காக இல்லை மாப்பிள்ளை, எனக்காக. ஒப்புக்கொள்ளக் கூடாது என்ற நிபந்தனையைக் கம்பெனிக்காரனே மறந்திருப்பான். நான் உன்னிடம்கூட அதை மீறவில்லை. சீ, என்ன மனுஷன் நான்!

உனக்குத் தெரிந்திருக்குமோ? வழக்குக்கு அப்புறம் தினமும் காலையில் பஸ் கிளம்புமுன் நீயே ஏறி உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பார்ப்பாய். ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாயோ என்று பயம்.

முந்தாநாள் உன் மைத்துனர்கள் கோடி போட்டு முடித்ததும் நான் வேட்டியோடு முன்னால் போனேன். யார், என்ன முறை என்று ஒரு பெரியவர் கேட்டார். ஒரு முறையும் இல்லை என்று நீ கூண்டில் சொன்னது வாயில் வந்தது, சொல்லவில்லை. உன் தலைமாட்டில் தலைவிரிகோலமாக “அண்ணே, அண்ணே” என்று அழுதுகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். கோம்பைக்காரி. முடி நரைத்துவிட்டது. கையிலிருந்த வேட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“இங்கனயாச்சும் வந்தீகளே” என்று சொல்லி எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

குனிந்து போர்த்தும்போது உன் காதில் பிரேக் விஷயத்தைச் சொல்லிவிடத்தான் நினைத்தேன். வாய் வரவில்லை. அதனால்தான் எழுதினேன். இதை எந்த விலாசத்துக்கு உனக்கு அனுப்ப? நாலாக மடித்து மடியில் செருகியிருக்கிறேன். நாளைக் காலை கோம்பைக்குப் பஸ் இருக்கிறது. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும்.