துணிக்கு உள்ளே உன் கை

என் செல்ல அக்காவுக்கு,

இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். யாழினி தூங்கினால்தான் எனக்குக் கை ஓயும். அவளோ இப்போதெல்லாம் லேசில் தூங்குவதில்லை. மூன்று வயது ஆகப்போகிறது, கேள்வி கேட்டே ஆளை ஒரு வழி பண்ணிவிடுகிறாள். இந்தக் கடிதமும் அவள் கேட்ட ஒரு கேள்வியால் வந்ததுதான்.

நீ நடித்த படம் வெளியே வந்துவிட்டது, அக்கா. "நடிச்சேன்னு சொல்லாத லா, கூட்டத்துல நின்னேன்" என்பாய். ஆனால் அந்தக் கூட்டத்தில் உன் முகம் தனியாகத் தெரிகிறது. பினாங்குத் துறைமுகத்தில் கப்பலைவிட்டு இறங்கும் அந்தக் காலத்துக் கூலிப் பெண்களில் நீ ஒருத்தி. மழை கொட்டுகிறது. தோளில் போட்ட துணிக்குள் ஒரு கைக்குழந்தை. அது நம் யாழினி, ஏழு மாதத்தில்.

தியேட்டரில் உன்னைப் பார்த்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். டெங்கிக் காய்ச்சலில் ஒரே வாரத்தில் போய்விட்ட மகள் திரை முழுக்க நடந்து வந்தால் அழாமல் என்ன செய்வார்? நான் அழவில்லை. படத்தில் ஒரு அதிகாரி உன்னை வரிசையிலிருந்து வெளியே இழுக்கிறான். துணிக்கு உள்ளே உன் கை அசைகிறது. உடனே யாழினியின் முகம் சுருங்குகிறது, வாய் திறக்கிறது, வீறிட்டு ஒரு அழுகை. தியேட்டரே உச்சுக்கொட்டியது. நான் உன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏனென்றால் அன்றைக்கு நீ என்னிடம் சொன்னது வேறு. எனக்குச் சனிக்கிழமை வேலை. படக்காரர்கள் கைக்குழந்தை கேட்கிறார்கள் என்றாய், கூட்டிக்கொண்டு போ என்றேன். சாயங்காலம் பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டு, "ஒரு சொட்டு அழல, தங்கமா இருந்துச்சு" என்று சொன்னாய். அப்படியானால் இது என்ன? படம் பொய் சொல்கிறதா, நீ சொன்னாயா?

பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். தத்ரூபம். வேலையிடத்தில் சொன்னார்கள், கோயிலில் சொன்னார்கள், "பிள்ள என்னமா அழுது" என்று என் கன்னத்தைத் தொட்டுப் பாராட்டினார்கள். நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

என் வீட்டுக்காரர் ரவியிடம் சொன்னேன். வழக்கம்போலச் சிரித்தார். படம் என்றால் அப்படித்தான் லா, எல்லாம் ஏமாற்று வேலை என்றார். ஏழு மாதப் பிள்ளைக்கு ஏமாற்றத் தெரியுமா என்று கேட்டேன்.

"அதுக்காக, செத்துப்போன அக்காவ மாத்தா மாத்தா மாதிரி விசாரிக்கப் போறியா?" என்றார். நம் போலீஸ்காரர்களை அவர் அப்படித்தான் சொல்வார்.

விசாரித்தேன் அக்கா. அன்று உன் பக்கத்தில் நின்ற மேரி அக்காவைத் தேடி, பினாங்குப் பாலம் தாண்டி புக்கிட் மெர்தாஜாம் வரைக்கும் காரில் போனேன். அவருக்கு ஒரே சிரிப்பு. கப்பலே கிடையாதாம்! பச்சைத் துணி கட்டிய ஒரு கிடங்கு, அதற்கு முன்னால் பலகைப் படி. தார் ரோட்டின் மேல் லாரியில் கொண்டுவந்து கொட்டிய செம்மண். கடைகளின் ஏர்கோன் பெட்டிகளுக்குச் சாக்குப் போட்டு மூடிவிட்டார்களாம். மழை கேமராவுக்கு முன்னால் மட்டும்தான் பெய்ததாம், குழாயில். நீங்கள் யாரும் நனையவே இல்லையாம்.

"பிள்ளை அழுதுச்சா, மேரிக்கா?"

"அந்தத் தண்ணி சத்தத்துல என் பேரச் சொல்லிக் கூப்பிட்டாலே எனக்குக் கேக்கல மா."

திரும்பி வரும்போது பாலம் முழுக்க இதே யோசனை. கப்பல் பொய், மழை பொய், மண் பொய். அத்தனையையும் நான் நம்பியிருக்கிறேன். இவ்வளவு பொய்யை நம்பவைக்க நடுவில் ஏதாவது ஒன்று நிஜமாக இருக்க வேண்டாமா? அந்த ஒன்று என் பிள்ளையின் வலியாக இருந்தால்?

போன வாரம் படம் வீட்டு டிவிக்கும் வந்துவிட்டது. யாழினியை மடியில் வைத்து, இது பெரியம்மா, இது நீ என்று காட்டினேன். உன் போட்டோவையெல்லாம் அவள் கண்டுகொள்வதில்லை. அசைவதைத்தான் நம்புகிறாள். கண் கொட்டாமல் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "பெரியம்மா பாப்பாவ கிள்ளுனாங்களா?"

நான் அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை அக்கா, சத்தியமாக. உன் மடியில் கிடந்ததோ, நீ ஊட்டியதோ எதுவும் அவளுக்கு நினைவில்லை. இந்த ஒரு காட்சிதான் அவளுக்கு நீ. என்ன சொல்வேன்? இல்லை என்று சொல்ல எனக்கே உறுதி இருந்ததா?

நேற்று நான் அடுப்படியில் ரசம் தாளித்துக்கொண்டிருந்தேன். அவள் அடம்பிடித்ததால் ரவி மறுபடியும் அதே இடத்தைப் போட்டிருக்கிறார். டிவியிலிருந்து அந்த அழுகை கேட்டது. நான் கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டேன், கிண்டினேன், உப்பு பார்த்தேன். அப்புறம்தான் உறைத்தது. என் கால் நகரவேயில்லை. யாழினி அழுதால் சோப்பு நுரையோடு குளியலறையிலிருந்து ஓடி வந்தவள் நான். இந்த அழுகை எனக்குள் எதையுமே தொடவில்லை.

பழைய போனைத் தேடி எடுத்தேன். தண்ணீர்மலை முருகன் கோயிலில் அவளுக்கு முடி இறக்கியபோது நீ எடுத்த வீடியோ. முதலில் மூச்சை அடக்கிக்கொண்டு முகம் சிவக்கிறாள், பிறகு ஆட்டுக்குட்டி மாதிரி விட்டு விட்டு ஒரு கத்தல். அவள் அழுகை அதுதான். படத்தில் வருவது நீளமாக, கணீரென்று. வேறு எந்தக் குழந்தையின் குரலையோ சேர்த்திருக்கிறார்கள். அந்த வீடியோவில் உன் குரலும் இருக்கிறது: "அண்ணே, மெதுவா லா, பிள்ளைக்கு வலிக்குது."

டிவியின் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு அந்த இடத்தைப் போட்டோம். முகம் சுருங்குகிறது, வாய் திறக்கிறது, கண்ணோரம் ஈரம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரவி பெரிதாக ஒரு கொட்டாவி விட்டார். அடுத்து நான். யாழினியும். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மறுபடி பார்த்தேன். அது அழுகையே இல்லை, எங்களுக்குத் தொற்றிய கொட்டாவி. உன் கை துணிக்குள் ஒரே தாளத்தில் அசைகிறது. தட்டிக்கொடுக்கிறாய். அவளைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தாய், அக்கா.

நம்ப ஆசைப்படுவதால் நம்புகிறேனோ என்று இப்போதும் ஒரு உறுத்தல் இருக்கிறது. சத்தத்தோடு பார்த்தால் அதே கை மறுபடியும் கிள்ளுகிறது. தெரிந்த பிறகும் கிள்ளுகிறது! அதனால் உனக்கு ஒரு வாக்கு. அவளுக்கு விவரம் தெரியும்வரை, இந்த வீட்டில் நீ வரும் அந்த இடம் சத்தமில்லாமல்தான் ஓடும். அவள் கேட்டதற்கு, "கிள்ளல, தட்டிக்கொடுத்தாங்க" என்று சொல்லிவிட்டேன்.

உன்மேல் இருந்த சந்தேகம் போய்விட்டது. ஆனால் அது சும்மா போகவில்லை, வேறொரு கேள்வியை விட்டுப்போனது. அந்த அழுகைச் சத்தம் கொட்டாவி இல்லையே, அக்கா. எங்கேயோ ஒரு பிள்ளை நிஜமாக அழுதிருக்கிறது, பக்கத்தில் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். இந்தக் கடிதம் உனக்கு எட்டாது, வேறு யார் கண்ணிலாவது படட்டும்: படத்துக்குச் சத்தம் சேர்க்கும் வேலையில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்தப் பிள்ளை எதற்காக அழுதது, யார் தூக்கினார்கள் என்று எனக்குச் சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

உன் தங்கச்சி,
நீ தட்டித் தூங்கவைத்த பிள்ளையின் அம்மா